ஊதா வட்டத்துக்குள் இரண்டு முட்டை

உலகில் உயிர்கள் தழைத்திருக்கக் காற்று, நீர், மண் ஆகிய மூன்றும் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம், படிவம் 17-ஆ பற்றி அந்த ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லவில்லை. குழாய் புதைக்க, கேபிள் இழுக்க, சாக்கடை தோண்ட என்று ஊரின் தரையை நாள்தோறும் கிழித்துத் தைக்கும் பணிகள் துறையில், அருகிவரும் உயிரினங்களைக் கண்ணின் மணியாகக் காத்துவருவது அந்த ஒற்றைத் தாள்தான்.

தாளின் முன்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: 'பணியிடத்தில் அருகிவரும் உயிரினம் ஏதேனும் உள்ளதா?' இதற்குப் பதில் எழுதாமல் ஒரு கூடை மண்ணைக்கூட அள்ளக்கூடாது என்பது விதி. குறித்த நாளில் மண்ணை அள்ளியே ஆகவேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, துறை தன் நீண்ட அனுபவத்தால் ஒரு பதிலைக் கண்டறிந்து வைத்திருந்தது. 'இல்லை.'

இந்தப் பதிலை ஒவ்வொரு முறையும் கையால் எழுதுவது மைக்குக் கேடு என்று படிவ எழுத்தர் ஒரு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தார். மாதத்தின் முதல் நாள் காலையில் வந்ததும், அந்த மாதத்துக்கான பத்துப் பதினைந்து தாளில் 'இல்லை' குத்திவிட்டுத்தான் அவர் டீயைக் கையில் எடுப்பார். முத்திரை குத்திய தாள்கள் மேஸ்திரிகளுக்குப் போகும். அவர்கள் கீழே கையெழுத்துப் போடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள் சேர்ந்து, தாளுக்கொரு கோப்பாகப் பதினான்கு அலமாரிகளை நிரப்பியிருந்தன. இத்தனை குழி வெட்டியும் அருகிவரும் உயிர் ஒன்றுக்குக்கூடச் சிராய்ப்பு ஏற்பட்டதில்லை என்று ஆண்டறிக்கை ஆண்டுதோறும் நெஞ்சை நிமிர்த்தியது. இல்லாத உயிருக்கு எப்படிச் சிராய்ப்பு வரும் என்று எவரும் குதர்க்கமாகக் கேட்டதில்லை.

இந்த அமைதியைக் குலைத்தது ஒரு மூக்குக்கண்ணாடி.

குழாய்ப் பிரிவு மேஸ்திரிக்கு இரண்டு வருடமாகவே பார்வை மங்கல். செய்தித்தாளைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, கடைசியில் கை நீளம் போதாமல் போயிற்று. ஒருநாள் சவரக் களிம்பை எடுத்துப் பல் துலக்கினார். வாயெல்லாம் நுரையோடு நின்றவரை அவர் மனைவி கையோடு இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுவிட்டாள். போட்டதும் மேஸ்திரி உலகத்தையே புதிதாகப் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது மனைவியின் தலைமுடி.

"ஏம்மா, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க பார்க்காதப்ப" என்றாள் அவள். அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

அந்தக் கண்ணாடியோடுதான் மேஸ்திரி, நீரேற்று நிலையத்தின் பின்பக்கத்துக்கு வேலை பார்க்கப் போனார். முட்டுச்சந்தின் கடைசியில் சரளைக்கல் பரப்பிய வெற்றிடம் அது. அடியில் போகும் பழைய குழாய் ஒழுகி ஒழுகி, தெருக்காரர்கள் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. நாற்பதடி நீளத்துக்கு வெட்டிப் புதுக் குழாய் இறக்க வேண்டும். முத்திரை குத்திய 17-ஆ சட்டைப்பையில் தயாராக இருந்தது. அவர் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். புதுக் கண்ணாடி போட்டவன் எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பான் அல்லவா? தடத்தில் மெள்ள நடந்தார்.

காலடியிலிருந்து ஒரு குருவி புறப்பட்டது. கைப்பிடிக்குள் அடங்கும் பழுப்புக் குருவி. பறக்காமல், ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒடிந்துபோனது மாதிரி நொண்டி நொண்டி ஓடியது. 'என்னைப் பிடி, என்னைப் பிடி' என்று கூப்பிட்டுக்கொண்டே தூரமாகப் போயிற்று. மேஸ்திரி தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து பார்த்தார். கல், கல், கல், முட்டை, முட்டை, கல். இரண்டு முட்டைகளும் சரளைக்கல்லின் நிறம், சரளைக்கல்லின் புள்ளி. அந்தக் காலை வைத்திருந்தால் அவ்வளவுதான்.

அப்போதுதான் அவர் தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் படங்கள் இருந்தன! இருபத்திரண்டு வருடமாக இருந்திருக்கின்றன. ஒன்பதாவது படத்தில் அதே குருவி, அதே இறக்கை. கீழே 'சரளைக்குருவி' என்று பெயர்.

மேஸ்திரி முத்திரையின் குறுக்கே கோடு கிழித்தார். பக்கத்தில் எழுதினார்: 'ஆம். முட்டை இரண்டு. அம்மா ஒன்று.'

தாளைக் கண்ட படிவ எழுத்தருக்கு டீ புரையேறியது.

"என்ன மேஸ்திரி இது?"

"ஆம்னு எழுதியிருக்கேன்."

"அது தெரியுது. ஏன் எழுதியிருக்கீங்க?"

"அங்க இருக்குது. அதான் எழுதினேன்."

"இருந்துட்டுப் போகட்டுமே. இருக்குதுங்கறதுக்காக எழுதணும்னு எங்கயாவது சட்டம் இருக்கா?" எழுத்தர் எழுந்து அலமாரிகளைக் காட்டினார். "இதோ பாருங்க. பதினாலு அலமாரி. எல்லாம் 'இல்லை'. 'ஆம்'க்கு ஒரு கோப்பு உண்டா? ஒரு கயிறு உண்டா? இதை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன், என் தலையிலயா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றுவது பெரிதல்ல, அதை எந்தக் கோப்பில் வைப்பது என்பதுதான் பெரிது. விஷயம் பொறியாளரிடம் போயிற்று. பொறியாளர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து மறையவில்லை.

"நல்லாப் பார்த்தீங்களா? கல்லா இருக்கப்போகுது."

"கல்லு மேல குருவி அடைகாக்காது சார்."

"கொஞ்சம் மந்தமான குருவியா இருக்கலாம்ல?" அவர் மேஸ்திரியின் முகத்தை உற்றுப் பார்த்தார். "கண்ணாடி புதுசா?"

"ஆமா சார். போன வாரம்தான்."

"அதானே பார்த்தேன்! புதுக் கண்ணாடி அப்படித்தான், இல்லாததெல்லாம் தெரியும். பழகுற வரைக்கும் கழட்டி வெச்சுட்டுப் போய்ப் பாருங்க. அப்பவும் தெரிஞ்சா பேசலாம்."

மேஸ்திரி கழற்றவில்லை. வழக்கமாகச் 'சரி சார்' என்பதற்கு மேல் வாய் திறக்காத மனிதர் அவர். அன்று என்ன வந்ததோ, "நான் காலைத் தூக்கி நின்னேன் சார். அந்தக் குருவி இறக்கை ஒடிஞ்ச மாதிரி நடிச்சுக் காட்டுச்சு. என்னை நம்பி இல்ல, பயந்து. என்னால 'இல்லை'ன்னு எழுத முடியாது" என்றார்.

தாளில் வரிசை எண் இருந்ததால் கிழித்துப் போடவும் வழியில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். இங்கே வெட்டுவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. பொறியாளர் வேறு வழியில்லாமல் அதை இயக்குநருக்கு அனுப்பிவிட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் இயக்குநரிடமிருந்து தொலைபேசி வந்தது. பொறியாளர் எழுந்து நின்று கேட்டார். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. துறையின் வரலாற்றிலேயே முதல் 'ஆம்'! காப்பாற்றுகிறோம், காப்பாற்றுகிறோம் என்று இத்தனை வருடம் அறிக்கை எழுதியாயிற்று, காட்டுவதற்கு ஒரு உயிர் கிடைத்ததா? இப்போது தானாக வந்து முட்டை போட்டிருக்கிறது. இதை விடலாமா? உடனே கூட்டம் போட உத்தரவாயிற்று. படிவ எழுத்தர் வேண்டாவெறுப்பாகப் பதினைந்தாவது அலமாரிக்கு எழுதிப் போட்டார்.

கூட்டத்துக்குச் சூழல் ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார்கள். பறவைகளைப் பற்றிப் படித்த பெண்மணி. நேராகப் போய் முட்டையைப் பார்த்துவிட்டு வந்து, ரொம்பச் சுருக்கமாகச் சொன்னார். "இன்னும் பன்னிரண்டு நாள்ல பொரிஞ்சிடும். குஞ்சு ரெண்டே நாள்ல ஓடிடும். வேலையை ரெண்டு வாரம் தள்ளி வெச்சா முடிஞ்சுபோச்சு."

இப்படி ஒரு சுலபமான யோசனையை ஆலோசகர் வைத்தா வாங்குவார்கள் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர்தான் பொறுமையாக விளக்கினார்.

"மேடம், நம்ம திட்டத்தோட பேரு என்ன? 'பணியின்போது உயிரினப் பாதுகாப்பு'. பணியே நடக்கலைன்னா பணியின்போது எப்படிப் பாதுகாக்கறது? அப்புறம் அந்தக் குருவியை யார் காப்பாத்தினதுன்னு சொல்றது? அதுவாவே பொழைச்சுக்கிட்டதா ஆயிடாதா?"

வேலை அடுத்த வியாழக்கிழமை தொடங்குவது, தடத்தை ஆறடி ஒதுக்கி வெட்டுவது, முட்டைகளைச் சுற்றி பெயின்ட்டால் பாதுகாப்பு வட்டம் போடுவது என்று முடிவாயிற்று.

இங்கே பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பணிகள் துறையில் தரையில் பெயின்ட் அடிப்பது ஒரு தனி சாஸ்திரம். குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை, மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைபேசிக்கு ஆரஞ்சு. ஒவ்வொரு பிரிவும் தான் வெட்ட வேண்டிய இடத்தைத் தன் நிறத்தில் குறிக்கும். கோடு போட்டால் பள்ளம், வட்டம் போட்டால் குழி. வெட்டக்கூடாத இடத்துக்குப் பெயின்ட்டே கிடையாது, அது வெறும் தரை. எல்லாப் பிரிவுக்கும் வெட்டுவது ஒரே பொக்லைன், ஓட்டுவது ஒரே ஆள். அவருக்குப் பெயர் 'ஸ்கேல்'. கோட்டைத் தாண்டி ஒரு இஞ்ச் வெளியே வெட்டமாட்டார் என்பதால் வந்த பெயர். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவரை வேலைக்குப் பழக்கியதே நம் மேஸ்திரிதான். முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஸ்கேல் இன்றும் வேதவாக்காக வைத்திருந்தார். "எந்தக் கலர்னு யோசிக்காதே. பெயின்ட் இருந்தா வெட்டு, இல்லைன்னா தொடாதே."

குருவிக்கு எந்த நிறம் என்பதில்தான் கூட்டம் திணறியது. இருந்த நிறங்களையெல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை என்றார் ஒருவர். வெள்ளை சீக்கிரம் அழுக்காகும், துறைக்குக் கெட்ட பெயர் என்றார் இன்னொருவர். முதல் கூட்டம் அத்தோடு முடிந்தது. இரண்டாவது கூட்டத்தில் ஊதா என்று தேறியது. மூன்றாவது கூட்டத்தில் வெளிர் ஊதாவா, கரும் ஊதாவா என்று வாக்கெடுப்பு நடந்து, கரும் ஊதா ஒரு வாக்கில் வென்றது. அதற்குள் ஆறு நாள் ஓடியிருந்தது. முட்டைக்குள் இருந்ததும் சும்மா இருக்கவில்லை, அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி தயங்கித் தயங்கிக் கை தூக்கினார்.

"சார், இவ்வளவு எதுக்கு? சுத்தி நாலு செங்கல்லை வெச்சுட்டு, ஸ்கேல்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன். அந்தப் பக்கமே போகமாட்டான்."

பொறியாளர் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள்.

"செங்கல்லுக்கு வழிகாட்டு நெறிமுறை இருக்கா மேஸ்திரி?"

"இல்ல சார்."

"நீங்க சொல்ற ஒரு வார்த்தையைக் கோப்புல எப்படி இணைக்கறது?"

"இணைக்க முடியாது சார்."

"அப்புறம்? வாய்வார்த்தையில சொல்றதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது. முறைப்படி சுற்றறிக்கை போகும். நீங்க நடுவுல ஒண்ணும் சொல்லிக் குழப்பிடாதீங்க."

சுற்றறிக்கை முறைப்படியே போயிற்று. முப்பத்தோரு பக்கம். ஊதா வட்டத்தின் பொருள் இருபத்தாறாம் பக்கத்தில், மூன்றாவது அடிக்குறிப்பில், ஐயத்துக்கு இடமின்றி விளக்கப்பட்டிருந்தது. வேறொரு தெருவில் சாக்கடை வெட்டிக்கொண்டிருந்த ஸ்கேலிடம் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டினார்கள். அவர் இயந்திரத்தை நிறுத்தாமலேயே, ஒரு கை லீவரில் இருக்க, மறு கையால் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி இருபத்திரண்டு வருடம் போட்டதைப் போலவே போட்டார்.

மேஸ்திரி வீட்டில் இதற்குள் குருவியும் ஒரு ஆளாகிவிட்டது. தினமும் வேலை முடிந்ததும் அவர் நீரேற்று நிலையத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்பாள்.

"பொரிச்சுதா?"

"இல்ல. உக்காந்திருக்கு."

"வெயில்லயா?"

"வெயில்லதான். வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. முட்டைக்கு நிழல் குடுக்குது."

"அதுக்கு யாருங்க நிழல் குடுக்கறது?" என்பாள். பிறகு, "பார்த்துக்கங்க. நீங்க ஒருத்தர்தான் அதைப் பார்த்திருக்கீங்க. கெட்டியா நின்னுடுங்க" என்பாள். இத்தனை வருடத்தில் தன் வேலையைப் பற்றி மனைவி ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை என்பதில் மேஸ்திரிக்கு உள்ளூரப் பெருமை. வியாழக்கிழமை பொழுது விடிவதற்குள் அங்கே போய் வட்டத்தின் பக்கத்திலேயே நின்றுகொள்வது, ஸ்கேல் வந்ததும் நெறிமுறையாவது ஒன்றாவது, வாயாலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் ஆலோசகர் வந்து, இரண்டடி அகலத்தில், பார்ப்பதற்கே அழகாக, ஒரு கரும் ஊதா வட்டம் போட்டார். குருவி நொண்டிக்கொண்டே போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது. இன்னும் மூன்று நாளில் பொரித்துவிடும் என்றார் ஆலோசகர்.

வியாழக்கிழமை காலை மேஸ்திரி செருப்பு மாட்டும்போதே வாசலில் அலுவலக வண்டி வந்து நின்றது. உள்ளே பொறியாளர்.

"ஏறுங்க, ஏறுங்க. விழாவுக்கு நேரமாச்சு."

"என்ன விழா சார்?"

"உங்களுக்குத்தான்யா! உயிர் காத்தவர்னு சான்றிதழ் தர்றாங்க. இயக்குநரே வர்றார். சொல்லாம வெச்சிருந்தோம், இன்ப அதிர்ச்சி."

"சார், இன்னைக்கு அங்க வெட்டு ஆரம்பிக்குது. நான் இடத்துல இருக்கணும்."

"நீங்க இல்லாம விழா எப்படி? அங்கதான் வட்டம் இருக்கே, அது பார்த்துக்கும்."

வண்டியில் போகும்போது மேஸ்திரி ஸ்கேலுக்கு நாலு முறை போன் போட்டார். பொக்லைன் இரைச்சலில் அவருக்கு என்றைக்குப் போன் கேட்டது? அரங்கத்து வாசலில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே மேடையில் இயக்குநர், பொறியாளர், சூழல் ஆலோசகர், நிறத்துக்கு வாக்களித்த உறுப்பினர்கள் அத்தனை பேரும் வரிசையாக அமர்ந்திருந்தார்கள்; மேஸ்திரிக்குப் பொறியாளர் பக்கத்தில் இடம். ஊதா வட்டத்தின் பொருள் தெரிந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அன்று காலை அந்த மேடையில் இருந்தார்கள்.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு முழங்கினார். "இந்த வட்டம் வெறும் வட்டமல்ல! இனி நம் ஊழியர் ஒவ்வொருவரும் இந்தப் பெயின்ட்டைக் கண்ட கணமே தம் கடமை என்ன என்பதை உணர்ந்து செயலில் இறங்குவார்!"

கைதட்டல் அடங்குவதற்குள் மேஸ்திரிக்கு அது உறைத்தது. பெயின்ட்டைக் கண்டதும் ஸ்கேல் எந்தக் கடமையை உணர்வார் என்பது அந்த மேடையிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. எந்தக் கலர்னு யோசிக்காதே. ஐயோ!

எழுந்தார். பொறியாளர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"சார், பெயின்ட் இருந்தா அவன் வெட்டிடுவான் சார்!"

"உங்க பேரை இன்னும் கூப்பிடலை. உக்காருங்க."

"சார், வட்டம்னா குழி சார்!"

"இருபத்தாறாம் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்கு. சும்மா இருங்க."

பெயர் கூப்பிட்டார்கள். சான்றிதழ் கையில் வந்தது. புகைப்படக்காரர் இடப்பக்கம் நகருங்கள், வலப்பக்கம் நகருங்கள், கண்ணாடி பளபளக்கிறது கழற்றுங்கள், கொஞ்சம் சிரியுங்கள் என்றார். மேஸ்திரியால் முடியவில்லை. "உயிரைக் காப்பாத்தினவர் மாதிரியே இல்லையே" என்று அவர் குறைபட்டுக்கொண்டார். மூன்றாவது படத்தோடு மேஸ்திரி மேடையிலிருந்து குதித்து ஓடினார். போனைக்கூட வாங்கவில்லை.

முட்டுச்சந்துக்குள் அவர் மூச்சிரைக்க நுழைந்தபோது பொக்லைன் ஓய்ந்து நின்றது. ஸ்கேல் அதன் மேலிருந்து இறங்கி, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வாங்கண்ணே! எங்க போயிட்டீங்க? வந்து பாருங்க."

நீலக் கோட்டில் நாற்பதடிப் பள்ளம் நூல் பிடித்த மாதிரி போயிருந்தது. அதற்கு ஆறடி தள்ளி ஒரு குழி. இரண்டடி அகலம், நாலடி ஆழம். கிணற்று வாய் போல அப்படியொரு வட்டம். விளிம்பில் ஊதாக் கோடு ஒரு இடத்திலும் சிதையவில்லை.

"கலர்தான் புதுசா இருந்துச்சு. யார் பிரிவுன்னு தெரியல. நீங்கதான் சொல்லியிருக்கீங்களே, யோசிக்காம வெட்டுன்னு. அதான் முதல்ல இதைத்தான் வெட்டினேன். சின்ன வட்டம், இந்தப் பெரிய வாளியை வெச்சுக்கிட்டு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு இஞ்ச் வெளிய போயிருக்கா, சொல்லுங்க?"

மேஸ்திரி குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே? தப்பா வெட்டிட்டேனா?"

"இல்லடா. சரியாத்தான் வெட்டியிருக்கே." அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "அங்க... ஒரு குருவி இருந்துச்சா?"

"அட, ஆமா! ஒண்ணு வந்து முன்னால முன்னால நொண்டிச்சு. அடிபட்ட குருவி போலன்னு வண்டியை நிறுத்தி, அது தூரமாப் போற வரைக்கும் காத்திருந்துதான் வெட்டினேன். பாவம், வாயில்லா ஜீவன். அதுக்கு ஒண்ணும் ஆகலண்ணே."

மேஸ்திரிக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பெரிய ஆள், கையில் சுருட்டிய சான்றிதழோடு, குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழுதார். ஸ்கேலுக்கு விஷயம் புரிந்தபோது அவர் பொக்லைனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் குவித்துப் போட்ட மண்ணைக் கையாலேயே கிளறினார்கள். எல்லாம் கல்லாக இருந்தது.

அரை மணி நேரத்தில் பொறியாளரும் படிவ எழுத்தரும் வந்து சேர்ந்தார்கள். பொறியாளர் குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சற்று யோசித்தார்.

"குருவி உயிரோட இருக்குல்ல?"

"பறந்துபோச்சு சார்" என்றார் ஸ்கேல்.

"அப்புறம் என்ன! காப்பாத்தியாச்சே. பட்டியல்ல குருவிதானே இருக்கு? முட்டைன்னு எங்கயாவது போட்டிருக்கா?" பொறியாளருக்கு உயிர் வந்தது. "நடந்ததை மறந்துட்டு ஆகவேண்டியதைப் பாருங்க."

ஆகவேண்டியது படிவ எழுத்தர் கையில் இருந்தது. 'ஆம்' என்று எழுதப்பட்ட இடங்களில் பணிக்குப் பின் மறுபடியும் ஒரு தாள் நிரப்ப வேண்டும் என்பது விதியாம். இதுவரை 'ஆம்' வராததால் அந்த விதியை யாரும் பார்த்ததில்லை. அதே கேள்வி: 'பணியிடத்தில் அருகிவரும் உயிரினம் ஏதேனும் உள்ளதா?' எழுத்தர் பழக்கதோஷத்தில் முத்திரையை எடுத்தார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குத்தாதீங்க. நான் பார்த்து எழுதறேன்."

வெற்றிடம் முழுக்க நடந்தார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். குருவி திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். முந்தின நாள் மனைவியிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, தலைவலி என்று படுத்துவிட்டிருந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே அவள் கேட்டாள்.

"பொரிச்சுதா?"

மேஸ்திரி சான்றிதழை மேசைமேல் விரித்து வைத்தார். அவள் வாசித்தாள்.

"உயிர் காத்தவர். அடேயப்பா! அப்ப குருவி எங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, தாளை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் கையால் 'இல்லை' என்று எழுதினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கு முன்னாலயும் எழுதியிருக்கீங்களா, இந்த மாதிரி?"

"எழுதல. முத்திரை இருக்கும். கையெழுத்துதான் போடுவேன்."

"எத்தனை?"

"கணக்கு வெச்சுக்கல. ஆயிரம் இருக்கும்."

"அங்கெல்லாம் போய்ப் பார்த்தீங்களா?"

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல், சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்தத் தாள் இப்போது பதினைந்தாவது அலமாரியில் இருக்கிறது. துறையின் கோப்புகளில் உள்ள 'இல்லை'களில், நேரில் போய்ப் பார்த்து எழுதப்பட்டதும், எழுதியபடியே உண்மையாக இருப்பதும் அது ஒன்றுதான். மற்ற மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டையும் உண்மையாக்கும் பணியில் துறை இரவு பகல் பாராமல் ஈடுபட்டிருக்கிறது. ஊதா பெயின்ட் இருநூறு டப்பா வந்து இறங்கியிருக்கிறது.